மொய்செஸ் வில்: அர்ஜென்டினாவில் யூத விவசாயிகள் உண்டாக்கிய ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யூதர்கள் என்றதும் வட்டிக்கடை, வைர வியாபாரம், இஸ்ரேல் என்று மனம் ஓடுகிறது. ஏர் பிடித்து, மாடு மேய்த்து, வெட்டுக்கிளியோடு மல்லுக்கட்டிய யூத விவசாயிகள் தென் அமெரிக்காவில் இருந்தார்கள் என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியம் அடங்கியதும் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மொய்செஸ் வில் எங்கே இருக்கிறது?

அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாணத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லாத புல்வெளிப் பிரதேசத்தில் இருக்கிறது. தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இன்று இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். அர்ஜென்டினாவில் நிலைத்து நின்ற முதல் யூத விவசாயக் காலனி இதுதான். ஊரின் பிறந்தநாளாக 1889 அக்டோபர் 23ஐக் கொண்டாடுகிறார்கள்.

இவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஏன் கிளம்பினார்கள்?

ரஷ்யப் பேரரசின் தென்மேற்கில், இன்றைய உக்ரைனில், பொடோலியா என்று ஒரு பகுதி உண்டு. அங்கே கமெனெட்ஸ் பொடோல்ஸ்க் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். வீட்டில் பேசியது இத்திஷ் மொழி.

1881ல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் மேல் விழுந்தது. ஊர் ஊராகக் கலவரம், கொள்ளை, தீவைப்பு. அடுத்த வருடம், 1882 மே மாதத்தில், யூதர்கள் கிராமப்புறங்களில் புதிதாகக் குடியேறக் கூடாது, அங்கே நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே பேரரசின் மேற்கு எல்லையை ஒட்டிய மாகாணங்களுக்குள் மட்டுமே அவர்கள் வசிக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அதற்குள்ளும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின.

எங்காவது போய்ச் சொந்த நிலத்தில் உழைத்துப் பிழைக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்குள் இப்படித்தான் வேர்விட்டது. நிலம் வாங்கவே விடாதவர்களுக்கு நிலம்தான் கனவு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது எல்லாம் புரியும்.

அப்படியானால் பாலஸ்தீனத்துக்குப் போயிருக்கலாமே?

முதலில் அதைத்தான் நினைத்தார்கள். 1887ல் பொடோலியா பக்கத்து யூதர்களின் பிரதிநிதிகள் கட்டோவிட்ஸ் நகரில் கூடிப் பேசினார்கள். எலியேசர் காஃப்மன் என்பவரைப் பாரிஸுக்கு அனுப்பி, பாலஸ்தீனத்தில் குடியேற உதவி கேட்கச் சொன்னார்கள். அங்கே காரியம் கைகூடவில்லை. ஆனால் அதே பாரிஸில் அர்ஜென்டினா அரசு ஒரு குடியேற்ற அலுவலகம் நடத்திவந்தது. நிலம் இருக்கிறது, ஆள் வேண்டும், வாருங்கள் என்று ஐரோப்பியர்களை அழைப்பதுதான் அதன் வேலை.

அர்ஜென்டினாவின் 1853ஆம் ஆண்டு அரசியல் சாசனமே, இந்த மண்ணில் வாழ விரும்பும் உலக மக்கள் அனைவருக்கும் என்று முகவுரையில் சொல்லி, வழிபாட்டுச் சுதந்திரத்தையும் தந்திருந்தது. 1881ல் ரஷ்ய யூதர்களை வரவழைப்பதற்கென்றே ஒரு கௌரவ முகவரை அதிபர் ரோக்கா நியமித்திருந்தார். ஆகவே இது திடீரென்று விழுந்த யோசனை அல்ல. கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்தது.

வந்தவர்கள் எத்தனை பேர்?

136 குடும்பங்கள், ஏறத்தாழ 820 பேர். வேசர் என்ற நீராவிக் கப்பலில் வந்து, 1889 ஆகஸ்ட் 14ஆம் தேதி புவெனஸ் அயர்ஸில் இறங்கினார்கள். அர்ஜென்டினா யூதர்களின் வரலாற்றில் இந்தக் கப்பலின் பெயருக்குத் தனி இடம் உண்டு. மதத் தலைவராக ரபி ஆரோன் ஹலேவி கோல்ட்மன் கூடவே வந்தார்.

முன்பணம் கொடுத்து நிலம் வாங்கியிருந்தார்களாமே, அது என்ன ஆயிற்று?

கைக்கு வரவில்லை. பாரிஸில் இருந்தபடியே, புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் ரஃபாயேல் எர்னாண்டெஸ் என்பவரின் நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். (அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற கவிஞர் ஹோசே எர்னாண்டெஸின் தம்பி இவர்.) கப்பல் வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கம் நிலத்தின் விலை ஏறிவிட்டது. பழைய விலைக்குத் தர அவர் மறுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஊரில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டுக் கடல் தாண்டி வந்தாயிற்று. ஸ்பானிஷ் மொழி ஒருவருக்கும் தெரியாது. திரும்பிப் போக ஊரும் இல்லை, பணமும் இல்லை. 800 பேர் துறைமுக நகரத்தில் நிற்கிறார்கள்.

புவெனஸ் அயர்ஸில் அப்போது ஒரு சிறு யூத சபை இருந்தது. அந்தச் சபைக்கு வழக்கறிஞராக இருந்தவர் பெட்ரோ பலாசியோஸ். அவருக்குச் சாந்தா ஃபே மாகாணத்தில் பெரிய நிலம் இருந்தது. வடக்கே போகும் ரயில் பாதை அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவரோடு புது ஒப்பந்தம் ஆயிற்று. வீடும் மாடும் ஏரும் தருவதாகப் பேச்சு. அதை நம்பி ரயில் ஏறினார்கள்.

பலாசியோஸ் ரயில் நிலையத்தில் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரயில் அவர்களைப் பலாசியோஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது. நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கொட்டகை, ஓரமாக நிறுத்திவைத்த சில சரக்குப் பெட்டிகள், சுற்றிலும் புல். பேசிய வீடு வரவில்லை, மாடு வரவில்லை, ஏர் வரவில்லை. ஜனங்கள் சரக்குப் பெட்டிகளுக்குள்ளும் கொட்டகையிலும் நெருக்கியடித்துப் படுத்தார்கள். வாரக்கணக்கில் அப்படியே காத்திருந்தார்கள். பாதை போட்டுக்கொண்டிருந்த ரயில்வே வேலையாட்கள் பார்த்துப் பரிதாபப்பட்டுக் குழந்தைகளுக்குக் கெட்டி பிஸ்கட்டும் ரொட்டியும் கொடுத்தார்கள். மொழி புரியாத அந்தக் கூலிக்காரர்கள் கொடுத்ததுதான் பல நாள் சாப்பாடு.

பிறகு டைபஸ் காய்ச்சல் வந்தது. பட்டினியும் நெருக்கடியும் அழுக்குத் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் நோய் நுழைந்தால் முதலில் யாரை எடுக்கும்? குழந்தைகளைத்தான். அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சவப்பெட்டி செய்யப் பலகை கிடையாது, தச்சன் கிடையாது. ரயில் நிலையத்தில் மண்ணெண்ணெய் வந்த தகர டின்கள் கிடந்தன. அந்த டின்களில் வைத்துத்தான் பிள்ளைகளைப் புதைத்தார்கள்.

மண்ணெண்ணெய் டின் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். இடுப்பில் வைத்துத் தண்ணீர் தூக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் அடங்கும் வயது எது என்று நினைத்துப் பார்த்தால் இந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இதை யாரும் கண்டுகொள்ளவில்லையா?

ஒருவர் கண்டுகொண்டார். டாக்டர் வில்ஹெல்ம் லோவன்தால். பெர்லினில் படித்த மருத்துவ விஞ்ஞானி. குடியேற்ற நிலைமைகளை ஆராய அர்ஜென்டினா வந்திருந்தவர், ரயிலில் போகும் வழியில் இந்த நிலையத்தில் கந்தலோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். தன் இனத்தார் என்று தெரிந்ததும் இறங்கி விசாரித்தார்.

விசாரித்ததோடு விட்டுவிடவில்லை. புவெனஸ் அயர்ஸ் திரும்பியதும் வெளியுறவு அமைச்சர் எஸ்தனிஸ்லாவ் செபாயோஸிடம் முறையிட்டார். பேசியபடி நடந்துகொள்ளும்படி அமைச்சரிடமிருந்து பலாசியோஸுக்குத் தாக்கீது போனது. ஐரோப்பா திரும்பிய பிறகு, இவ்வளவு பணம் ஒதுக்கினால் ஒரு குடும்பத்தை நிலத்தில் ஊன்றச் செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பாரிஸுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். அந்தத் திட்டம் கோடீஸ்வரர் பாரன் மொரீஸ் டி ஹிர்ஷின் கைக்குப் போயிற்று. ஒருவர் ரயிலிலிருந்து இறங்கியதால் எத்தனை காரியம் நடந்திருக்கிறது பாருங்கள்.

ஊருக்குப் பெயர் வைத்தது யார்?

ரபி கோல்ட்மன். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து ஜனங்களை மீட்டு வனாந்தரம் வழியாக நடத்தி வந்த மோசேயை நினைத்து, கிர்யத் மோஷே, அதாவது மோசேயின் ஊர் என்று வைத்தார். அது ஸ்பானிஷும் பிரெஞ்சும் கலந்து மொய்செஸ் வில் என்று எழுதப்பட்டது.

நிலையத்துக்கு வந்த எல்லோரும் இங்கே தங்கவில்லை. பலர் புவெனஸ் அயர்ஸுக்கும் வேறு ஊர்களுக்கும் பிழைப்புத் தேடிச் சிதறினார்கள். சுமார் ஐம்பது குடும்பங்கள் நின்றன. நிலையத்திலிருந்து சில மைல் தள்ளி அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்குப் போய், முதலில் கூடாரம், பிறகு மண் சுவரும் புல் கூரையும் என்று ஆரம்பித்தார்கள்.

பாரன் ஹிர்ஷ் நிறுவிய காலனி என்றுதானே பல இடங்களில் போட்டிருக்கிறது?

போட்டிருக்கிறார்கள், அது தவறு. இந்தப் பக்கத்தை எழுதும் முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான்.

ஹிர்ஷின் யூதக் குடியேற்றச் சங்கம் (சுருக்கமாக ஜே.சி.ஏ.) லண்டனில் பதிவானது 1891ல். மொய்செஸ் வில் அதற்கு இரண்டு வருடம் முந்தியது. அந்த இரண்டு வருடமும் இந்த ஐம்பது குடும்பங்களும் எந்தப் பாரனின் பணமும் இல்லாமல், 1890ல் அர்ஜென்டினாவின் வங்கிகளே ஆட்டம் கண்ட பெரும் பொருளாதார நெருக்கடியையும் தாண்டி, அங்கே நின்றார்கள். 1891ல் ஜே.சி.ஏ. பலாசியோஸிடமிருந்து நிலத்தை வாங்கிக் காலனியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே இருந்த ஊரைத்தான் எடுத்துக்கொண்டது.

ஹிர்ஷைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் பெரிய மனிதர். வியன்னாவையும் கான்ஸ்டான்டிநோபிளையும் இணைத்த ரயில் பாதையில் சம்பாதித்தவர். ரஷ்ய யூதர்களின் கல்விக்கென்று 5 கோடி ஃபிராங்க் தருகிறேன் என்று ரஷ்ய அரசிடம் கேட்டுப் பார்த்தார். அவர் கேட்ட நிபந்தனைகளுக்கு அரசு ஒத்துக்கொள்ளவில்லை. 1887ல் ஒரே மகன் லூசியன் இறந்துபோனான். அதற்குப் பிறகு தன் செல்வத்தின் பெரும்பகுதியை இந்தக் காரியத்துக்கே திருப்பினார். சங்கத்தின் மூலதனம் 20 லட்சம் பவுண்டு, கிட்டத்தட்ட முழுவதும் அவர் போட்டது. 25 வருடத்தில் 32.5 லட்சம் யூதர்களை ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று திட்டமிட்டார். நடந்தது அதில் ஒரு சிறு துளிதான். 1896ல் இறந்துபோனார். தன் பணத்தில் எழுந்த காலனிகளைப் பார்க்க ஒரு முறைகூட அர்ஜென்டினா வந்ததில்லை.

ஹிர்ஷ் இல்லாவிட்டால் ஊர் வளர்ந்திருக்குமா என்றால், கஷ்டம்தான். ஆனால் ஹிர்ஷ் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

அவர்களுக்கு விவசாயம் தெரியுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. சின்னக் கடை, தையல், தரகு, வண்டி ஓட்டுவது, வேதம் சொல்லிக்கொடுப்பது என்று இருந்தவர்கள்.

கற்றுக்கொடுத்தது அக்கம்பக்கத்தார். சாந்தா ஃபே மாகாணத்தில் 1856லிருந்தே எஸ்பெரன்சா போன்ற ஐரோப்பியக் காலனிகள் இருந்தன. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியிலிருந்து வந்த விவசாயிகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அவர்களைப் பார்த்துத்தான் மாட்டை நுகத்தில் பூட்டவும், கொழுவை எவ்வளவு ஆழம் இறக்குவது என்றும் கற்றுக்கொண்டார்கள். குதிரையேற்றமும், கயிறு வீசி மாடு பிடிப்பதும், தேநீர் மாதிரி மாத்தே இலையைக் கொதிநீரில் ஊறவைத்துக் குழலால் உறிஞ்சிக் குடிப்பதும் கௌச்சோக்களிடமிருந்து வந்தது. கௌச்சோ என்றால் அந்தப் புல்வெளியின் மாட்டுக்காரர்கள், குதிரை மேலேயே வாழ்கிறவர்கள். ஒரு தலைமுறை போவதற்குள் தாடியும் தலைத்தொப்பியும் உள்ள ஆட்கள் அகலக் கால்சட்டை போட்டுக் குதிரையில் மாடு ஓட்டினார்கள். யூத கௌச்சோ என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அப்படியானால் உள்ளூர்க்காரர்களோடு எல்லாம் சுமுகமா?

இல்லை. ரத்தமும் சிந்தியிருக்கிறது. 1889க்கும் 1906க்கும் இடையில் மொய்செஸ் வில் வட்டாரத்தில் குடியேறிகள் 22 பேர் கொல்லப்பட்டதாக உள்ளூர் வரலாற்றில் பதிவு இருக்கிறது. வழிப்பறி, குடிபோதைச் சண்டை, பழி என்று காரணங்கள் பல. காவல் என்பது பெயருக்குத்தான். 1891ல் கொல்லப்பட்ட ஒருவரின் சிறு மகன் ஆல்பெர்த்தோ கெர்ச்சுனோஃப். தகப்பனை ஒரு கௌச்சோ கத்தியால் குத்திக் கொன்ற பிறகு குடும்பம் என்ட்ரே ரியோஸ் மாகாணத்துக்குப் போனது. அந்தப் பையன் வளர்ந்து அர்ஜென்டினாவின் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவரானார். அவர்தான் யூத கௌச்சோக்களைப் பற்றி மிகுந்த பிரியத்தோடு எழுதினார். என்னால் இன்றுவரை எளிதில் விளங்கிக்கொள்ள முடியாத பெருந்தன்மை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலம் கிடையாது. மொகொவி, அபிப்போன் முதலான பழங்குடிகள் வாழ்ந்த பூமி. அர்ஜென்டினா ராணுவம் அவர்களை வடக்கே தள்ளித் தள்ளி, பிறகு நிலம் தனியார் கைக்குப் போய், கடைசியில் குடியேறிகளுக்கு விலைக்கு வந்தது. துரத்தப்பட்டு வந்தவர்கள், துரத்தப்பட்டவர்களின் மண்ணில் குடியேறினார்கள். வந்தவர்களுக்கு இது எந்த அளவுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம், கதையைச் சொல்கிற நாம் விட்டுவிடக் கூடாது.

என்ன பயிர் செய்தார்கள்?

முதலில் கோதுமை. அப்புறம் ஆளி, சோளம். மழை நன்றாக இருந்தால் விளைச்சல். ஆனால் அது மட்டும் போதாது, வெட்டுக்கிளி வராமல் இருக்க வேண்டும்.

வடக்கேயிருந்து மேகம் மாதிரி வரும். வெயில் மங்கும். வீட்டில் இருக்கிற தகரம், பானை, டின் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிறுவர் பெரியவர் எல்லோரும் வயலில் இறங்கித் தட்டுவார்கள். இறங்கிவிட்டால் பச்சை என்று ஒன்று மிஞ்சாது. பறந்து வருவதைவிட அது மண்ணில் இட்டுவிட்டுப் போகும் முட்டைதான் கொடியது. சில வாரத்தில் இறக்கை முளைக்காத குஞ்சுகள் தரையோடு தரையாக ஊர்ந்து வரும். அவற்றை மறிக்கத் துத்தநாகத் தகடுகளை வேலி போல நட்டு, ஓரத்தில் பள்ளம் வெட்டி, அதில் விழ வைத்து மூடுவது அந்த நாட்டு வழக்கம்.

கோதுமையை மட்டும் நம்பினால் இரண்டு கெட்ட வருடத்தில் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். குதிரைமசால் வந்ததும் நிலைமை மாறியது. ஒரு முறை விதைத்தால் சில வருடம் அறுக்கலாம், வேர் ஆழமாகப் போவதால் வறட்சியைத் தாங்கும். தீவனம் இருந்தால் மாடு, மாடு இருந்தால் பால். மொய்செஸ் வில் படிப்படியாகக் கறவை மாட்டு ஊராக ஆனது இப்படித்தான். ஊரை நிறுத்தியது கோதுமை என்று சொல்வார்கள். என் கணிப்பில் குதிரைமசால்தான்.

பருவம் தலைகீழாக இருக்குமே, பண்டிகைகளை எப்படிக் கொண்டாடினார்கள்?

நல்ல கேள்வி. யூதப் பண்டிகைகள் எல்லாம் வட அரைக்கோளத்தின் உழவுக் காலத்தோடு பின்னிக் கிடப்பவை. பாஸ்கா வசந்த காலத் திருநாள்; இங்கே இலையுதிர் காலத்தில் வந்தது. கோதுமை அறுப்போடு சேர்ந்த சவுவோத் பண்டிகை, இங்கே கோதுமை விதைக்கிற சமயத்தில் வந்தது. வழிபாட்டில் மழையைப் பற்றிய வரிகள் அக்டோபர் வாக்கில் தொடங்கிப் பாஸ்கா வரை சொல்லப்படும். சாந்தா ஃபேயிலோ நவம்பர், டிசம்பரில் கோதுமை முற்றி அறுப்புக்கு நிற்கும். கதிர் சாயக் கூடாதே என்று வானத்தைப் பார்க்கிற நேரத்தில் வாய் மழையைக் கேட்கும். தென் அரைக்கோளத்துக்குப் போன யூதர்களுக்கெல்லாம் மதச் சட்டத்தில் விடை தேட வேண்டியிருந்த உண்மையான சிக்கல் இது.

ஜே.சி.ஏ. நிலத்தை இலவசமாகக் கொடுத்ததா?

கொடுக்கவில்லை. ஹிர்ஷ் தர்மமாகக் கொடுப்பதை விரும்பாதவர். கையேந்த வைத்தால் மனிதன் கெட்டுப்போவான் என்பது அவருடைய கொள்கை. நிலம், வீடு, மாடு, கருவி, விதை எல்லாம் கடன். வருடத் தவணையாகக் கட்ட வேண்டும். கடைசித் தவணை வரை கிரயப் பத்திரம் கைக்கு வராது. பின்னாளில் ஒரு குடும்பத்துக்கு 75 முதல் 150 ஹெக்டேர் வரை, அதாவது குறைந்தது 185 ஏக்கர் ஒதுக்கினார்கள். நம் கணக்கில் அது ஜமீன். அந்தப் பூமியில் மழையையும் மேய்ச்சலையும் நம்பிப் பிழைக்க அவ்வளவு வேண்டும்.

தகராறு வந்தது தவணைப் பணத்தால் மட்டும் இல்லை. சங்கத்து நிர்வாகிகள் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவில் படித்தவர்கள். இத்திஷ் பேசும் குடியானவனை அவர்கள் நடத்திய விதம் பலருக்குப் பொறுக்கவில்லை. மகன் தலையெடுத்ததும் பக்கத்து நிலத்தை அவனுக்குக் கேட்டால், அது பின்னால் வரப்போகும் புதுக் குடும்பங்களுக்கு என்று சங்கம் வைத்துக்கொண்டது. மகன் பட்டணத்துக்குப் போனான். ஊர் பின்னாளில் இளைத்ததற்கு விதை இங்கே விழுந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஐம்பது குடும்பத்திலிருந்து ஊர் எப்படி வளர்ந்தது?

ஆள் வந்தார்கள். 1894ல் தொடங்கி, இன்றைய பெலாரஸில் உள்ள கிரோட்னோ பக்கத்திலிருந்து குடும்பங்கள் குழுக்களாக வந்தன. அந்தப் பக்கத்துக்காரரான நோயே கோசியோவிச் இதில் முக்கியமானவர். பின்பு அவரே சொந்த ஊருக்குத் திரும்பிப் போய், யார் நிலத்தில் நிலைப்பார்கள் என்று பார்த்துப் பொறுக்கி மேலும் ஆட்களைக் கூட்டி வந்தார். எங்கோ அலுவலகத்தில் உட்கார்ந்து ஆள் எடுப்பதற்கும், அதே மண்ணில் உழுதவன் போய் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பலனில் தெரிந்தது.

வீடுகளை வரிசையாகக் கட்டி, நிலம் வீட்டுக்குப் பின்னால் நீண்டு போகும்படி அமைத்தார்கள். பன்னிரண்டு வீடு, இருபத்துநான்கு வீடு என்று எண்ணிக்கையே வரிசைக்குப் பெயராக நின்றது.

அப்புறம் கூட்டுறவு. என்ட்ரே ரியோஸில் உள்ள லூசியன்வில் காலனி (ஹிர்ஷின் இறந்துபோன மகனின் பெயர்) 1900லேயே கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டது. அர்ஜென்டினாவின் ஆரம்பகால விவசாயக் கூட்டுறவுகளில் அது ஒன்று. மொய்செஸ் வில்லில் 1908ல் லா முத்துவா அக்ரிகோலா வந்தது. விதையும் சாக்கும் மொத்தமாக வாங்கி, விளைந்ததை மொத்தமாக விற்று, வட்டிக்கு விடும் தானிய வியாபாரியின் பிடியிலிருந்து விவசாயியைக் கொஞ்சம் விடுவித்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு சுவையான விஷயம். இத்திஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷும் ஹீப்ரூவும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க யாரைப் பிடிப்பது? மொராக்கோவிலிருந்து வாத்தியார்களைக் கூட்டி வந்தார்கள். 1492ல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஸ்பானிஷ் அவர்களுக்குக் கைவந்த மொழி. விரட்டிய நாட்டின் மொழி நானூறு வருடம் கழித்து வேறொரு கண்டத்தில் யூதப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது.

1909ல் கதீமா என்ற கலாச்சாரச் சங்கம் தொடங்கியது. 1929ல் அதற்கு எழுந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. புல்வெளி நடுவில் மாடி வைத்த நாடக அரங்கு! இத்திஷ் நாடகக் குழுக்கள் அங்கே வந்து நடித்தன. பால் கறந்துவிட்டு, குதிரை வண்டி பூட்டிக்கொண்டு நாடகம் பார்க்க வந்திருக்கிறார்கள். தொழுகைக்கூடங்களும், நூலகமும், 1943ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் வந்தன. அர்ஜென்டினாவின் ஜெருசலேம் என்று பெயர் வாங்கிய ஊர்.

இது இஸ்ரேலின் கிபுட்ஸ் கூட்டுப் பண்ணை மாதிரியா?

இல்லை. கிபுட்ஸில் நிலமும் உழைப்பும் பொது. இங்கே அவரவர் நிலம் அவரவருக்கு, விற்பது வாங்குவதில் மட்டும் கூட்டு. காலத்திலும் இதுதான் முந்தியது. முதல் கிபுட்ஸான டெகானியா வந்தது 1910ல்தான்.

அர்ஜென்டினாவில் இந்த மாதிரி வேறு ஊர்கள் உண்டா?

நிறைய. மொரீசியோ, கிளாரா (பாரனின் மனைவி பெயர்), லூசியன்வில் என்று வரிசை போகும். ஜே.சி.ஏ. மொத்தம் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம் வாங்கியது. 1925ஐ ஒட்டிய உச்ச காலத்தில் 30,000 பேருக்கு மேல் இந்தக் காலனிகளில் வாழ்ந்தார்கள்.

பிறகு ஏன் எல்லோரும் போய்விட்டார்கள்?

“கோதுமை விதைத்தோம், டாக்டர்களை அறுவடை செய்தோம்” என்று ஒரு சொலவடை அந்த ஊர்களில் உண்டு. பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் ரொசாரியோவுக்கும் புவெனஸ் அயர்ஸுக்கும் போனார்கள், பின்னால் சிலர் இஸ்ரேலுக்குப் போனார்கள். வறட்சி, விலைச் சரிவு, மகனுக்கு நிலம் கிடைக்காத கதை எல்லாம் சேர்ந்துகொண்டது. இதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நிலம் வாங்க விடாத நாட்டிலிருந்து வந்தவன் நிலம் வாங்கி, அதில் விளைந்ததை வைத்துப் பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்தான் என்றால் அந்த நிலம் தன் வேலையைச் செய்துவிட்டது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

ரபி கோல்ட்மன் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. கதீமா அரங்கு இருக்கிறது. மூன்று தொழுகைக்கூடங்கள் நிற்கின்றன, யூதர்கள் இப்போது ஊரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். 1999ல் அர்ஜென்டினா அரசு இதை வரலாற்று ஊராக அறிவித்தது. 2015ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

ஊருக்கு வெளியே இடுகாடு இருக்கிறது. அர்ஜென்டினாவின் முதல் யூத இடுகாடு அது. பெயர் பொறித்த கல்லும், ஹீப்ரூ எழுத்தும், பளிங்கும் பார்க்கலாம். நிறுவியவர்கள் யார் என்று கேட்டால் ரபி கோல்ட்மனையும் ஐம்பது குடும்பங்களையும் காட்டுவார்கள். பலாசியோஸ் நிலையத்துக் குழந்தைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.